பெட் நம்பர் 6-க்கு ஊசி போட்டாச்சா? ஆஸ்பத்திரியின் தவறுகளை முன்கூட்டியே தேடும் ஆலோசகர்கள்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பெண்கள் வார்டு, மதியம் மூன்று மணி. ஆறாம் நம்பர் பெட்டில் இருக்கும் செல்வி அம்மாவுக்கு ஃபேன் காற்று வரவில்லை. எட்டாம் நம்பர் பெட் காலியாக இருக்கிறது. தலையணையையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறார். மாலையில் புதிதாக ஒரு நோயாளி வருகிறார், அவரை ஆறாம் நம்பரில் படுக்க வைக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம், “ஆறுக்கு ஆன்டிபயாடிக் போடணும்” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்.

புதிய நர்ஸ் சிரிஞ்சுடன் ஆறாம் நம்பருக்கு வருகிறார். “செல்விதானே?” என்கிறார். அரைத்தூக்கத்தில் இருக்கும் நோயாளி “ம்” என்கிறார்.

இது எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று தேட வேண்டாம். எங்கும் நடக்கலாம். இதில் கெட்ட மனதோடு நடந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. நர்ஸ் பெயர் கேட்டார், நோயாளி பதில் சொன்னார். ஆனால் யாருக்கோ போக வேண்டிய மருந்து வேறு யாருக்கோ போகிறது. அவருக்கு அந்த மருந்து அலர்ஜியாக இருந்தால்?

இந்தக் காட்சியை, நடப்பதற்கு முன்பே பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைத் தரம் மற்றும் நோயாளி பாதுகாப்பு ஆலோசகர்கள். ஊழியர்கள் சுருக்கமாக ‘குவாலிட்டி’ என்பார்கள். “குவாலிட்டி வந்திருக்காங்க” என்றால் வார்டில் பாதிப் பேர் சுறுசுறுப்பாவார்கள், மீதிப் பேர் டீ குடிக்கப் போவார்கள்.

இந்தக் காட்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் தீர்வு ஒரு ரூபாய் செலவில்லாதது. “செல்விதானே?” என்று கேட்கக் கூடாது. “உங்க பேர் என்ன?” என்று கேட்க வேண்டும். பதிலை நோயாளியே சொல்ல வேண்டும். கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் அதோடு ஒப்பிட வேண்டும். பெட் நம்பர் ஓர் அடையாளமே அல்ல. அது கட்டிலின் நம்பர், மனிதரின் நம்பர் இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு முறை, இரவு மூன்று மணிக்கும், ஆள் பற்றாக்குறையிலும், எதிரே இருப்பவர் பத்து நாளாகப் பழகிய நோயாளியாக இருந்தாலும் இதைச் செய்ய வைப்பதுதான் கடினம். ஆலோசகரின் சம்பளம் அதற்குத்தான்.

எம்.டி ரூமுக்கு முன்னால் கழிப்பறை

பல ஆலோசகர்கள் நர்ஸாக, டாக்டராக, பல் மருத்துவராக, மருந்தாளுநராகத் தொடங்கியவர்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படித்துவிட்டு நேரடியாக வருபவர்களும் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு துறை இருக்கும். முப்பது, ஐம்பது படுக்கை உள்ள நர்ஸிங் ஹோம்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்கள் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைச் சில மாதங்களுக்கு அமர்த்திக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் அழைப்பு வருவதற்குக் காரணம் ஒரு சான்றிதழ். இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.ஹெச் என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் சான்றிதழ். முழு அங்கீகாரத்துக்கான கையேட்டில் 10 அத்தியாயங்கள், 100 தரநிலைகள், அவற்றுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட அளவுகோல்கள். சிறிய மருத்துவமனைகளுக்குத் தொடக்கநிலைச் சான்றிதழ் தனியாக இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு வேறு பாதை. 2013-ல் வந்த தேசியத் தர உறுதித் திட்டம், சுத்தத்துக்காக 2015-ல் வந்த ‘காயகல்ப்’, பிரசவ அறைகளுக்காக 2017-ல் வந்த ‘லக்‌ஷ்யா’.

முதல் நாள் ஆலோசகர் எம்.டி ரூமில் காபி குடித்துவிட்டு ஃபைல் புரட்டுவார் என்று எதிர்பார்க்கலாம். அனுபவசாலிகள் அதைச் செய்வதில்லை. நோயாளிகளின் கழிப்பறைக்குப் போவார்கள். தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, உள்ளே ஒருவர் விழுந்தால் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியுமா?

பிறகு ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து அவர் வந்த வழியை முழுக்கப் பின்தொடர்வார்கள். கேஷுவாலிட்டி, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யு, வார்டு என்று ஒவ்வோர் இடத்திலும் அவரைப் பற்றிய தகவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போனது என்று பார்ப்பார்கள். இதற்கு ‘ட்ரேசர்’ என்று பெயர். தகவல் கைமாறும் இடங்களில்தான் ஓட்டைகள் தெரியும். கேஷுவாலிட்டியில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதிய சீட்டு வார்டு ஃபைலுக்கு வந்து சேராமல் இருக்கும். டாக்டர் போனில் ‘ஃபிஃப்டீன்’ என்றது நர்ஸின் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழுந்திருக்கும். போனில் வரும் உத்தரவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, டாக்டர் ‘சரி’ என்ற பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். எண்ணாகச் சொல்லாமல் ‘ஒன் ஃபைவ்’ என்று பிரித்துச் சொல்லவும் பழக்குகிறார்கள்.

கையெழுத்து இன்னொரு வில்லன். இன்சுலின் 10 யூனிட் என்பதைக் குறிக்க, 10-க்குப் பக்கத்தில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போடுவது பழைய வழக்கம். அவசரத்தில் எழுதினால் அந்த எழுத்து பூஜ்யம் மாதிரி தெரியும். பத்து நூறாகிவிடும். அதனால் ‘யூனிட்’ என்று முழுதாக எழுதச் சொல்கிறார்கள். அரை மில்லிகிராமைப் புள்ளி ஐந்து என்று எழுதினால் புள்ளி காணாமல் போய் ஐந்தாகும் என்பதால், புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம்.

அவசர சிகிச்சை வண்டியைத் திறக்கச் சொல்வது இன்னொரு சோதனை. இதயம் நின்றுபோனவரைக் காப்பாற்றத் தேவையான எல்லாம் அந்தத் தள்ளுவண்டியில் இருக்க வேண்டும். வண்டி பூட்டியிருக்கும். சாவி யாரிடம்? இன்சார்ஜ் சிஸ்டரிடம். அவர் எங்கே? டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்! இந்த வேலையில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகளில் இது ஒன்று. சிரிப்புக்குப் பின்னால் நிமிடக் கணக்கு இருக்கிறது. இதயம் நின்றபின் நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் போனால் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். எளிதில் உடையும் பிளாஸ்டிக் சீல் போதும், பூட்டு வேண்டாம் என்பது அப்போதே எழுதப்படும் முதல் குறிப்பு.

அடுத்தது மருந்து அலமாரி. பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு உயிர் காப்பது. ஆனால் அதை நிறைய திரவத்தில் கலந்து, மெதுவாக ஏற்ற வேண்டும். கலக்காமல் ஊசியில் நேராக நரம்பில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். இதன் சிறு குப்பி பார்க்கத் தண்ணீர் மாதிரி. ஊசிமருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் சுத்திகரிக்கப்பட்ட நீரின் குப்பியும் பார்க்கத் தண்ணீர் மாதிரி. இரண்டும் ஒரே டிரேயில் கிடந்தால், களைத்துப்போன ஒரு கை எதையும் எடுக்கலாம். ‘கவனமாக இருங்கள்’ என்று போர்டு எழுதி மாட்டுவது ஆலோசகரின் வழியல்ல. பொதுவார்டிலிருந்து அந்தக் குப்பியையே எடுத்துவிடச் சொல்வார். ஐ.சி.யு போன்ற இடங்களில் தனிப்பெட்டி, சிவப்பு லேபிள், எடுக்கும்போது இரண்டு பேர் சரிபார்ப்பு.

இரண்டு எழுத்து

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பேசும் சம்பவம் ஒன்று அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நடந்தது. 2017 டிசம்பர். 75 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஸ்கேன். மூடிய இடம் என்றால் அவருக்குப் பயம் என்பதால் பதற்றம் தணிக்க ‘வெர்செட்’ என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் தானியங்கி மருந்து அலமாரியில் தேடினார். அலமாரி மருந்துகளை வேதிப்பெயரில் பட்டியலிட்டிருந்தது, வெர்செட் என்பது பிராண்ட் பெயர். கிடைக்கவில்லை. அவசரத்துக்கான மாற்றுவழியில் போய், ‘வி’, ‘இ’ என்ற முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். முதலில் வந்தது ‘வெக்குரோனியம்’. உடலின் தசைகளை, மூச்சுவிடும் தசைகள் உட்பட, அசையாமல் ஆக்கும் மருந்து. அந்த ஊசிக்குப் பிறகு நோயாளி இறந்துவிட்டார்.

குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. அது தூள், வெர்செட்டோ திரவம். அந்த நர்ஸ் இவற்றையெல்லாம் கவனிக்கவில்லை. ஆனால் தவறு தெரிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மே மாதம் சிறை இல்லாமல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அமெரிக்கா முழுக்க நர்ஸ்கள் கொதித்துப்போனார்கள். உண்மையைச் சொன்னவருக்கு இதுதான் கதி என்றால் இனி யார் சொல்வார்கள் என்று கேட்டார்கள்.

இறந்தவரின் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் கோபம் நியாயமானது. ஆனால் நர்ஸுக்குத் தண்டனை கொடுத்ததால் அந்த அலமாரி மாறவில்லை. இரண்டு எழுத்துக்கே உயிர்பறிக்கும் மருந்தை ஏன் அது நீட்டியது? மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் குறைந்தது ஐந்து எழுத்துகளாவது தட்டினால்தான் மருந்தின் பெயர் வர வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். ‘யார் செய்தார்’ என்ற கேள்வியிலிருந்து ‘எது இதைச் செய்ய விட்டது’ என்ற கேள்விக்கு மருத்துவமனையைக் கொண்டுவருவதுதான் ஆலோசகரின் உண்மையான வேலை.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதைப் பாலாடைக்கட்டித் துண்டுகளாக விளக்கினார். நம் வீட்டுச் சமையலறையிலிருந்து சொல்வதென்றால், வெவ்வேறு சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. ஒவ்வொரு சல்லடையிலும் ஓட்டை உண்டு. ஒன்றின் ஓட்டையை அடுத்தது மறைத்துவிடும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நாளில்தான் கல் சோற்றில் விழும்.

‘நில்’ என்று எழுதிய ரிஜிஸ்டர்

தவறுகளையும், நூலிழையில் தப்பியவற்றையும் பதிவு செய்ய ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு படிவம் இருக்க வேண்டும். பல இடங்களில் மாதக்கணக்காக ‘நில்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். “எங்க ஆஸ்பத்திரியில தப்பே நடக்கிறதில்லை” என்று பெருமையாகவும் காட்டுவார்கள். ஆலோசகருக்கு வயிற்றைக் கலக்கும் பக்கம் அதுதான். உலகளவில் சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு, நோயால் அல்லாமல் சிகிச்சையின்போதே ஏதோ ஒரு பாதிப்பு ஏற்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘நில்’ என்றால் தவறு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. சொல்லப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. சொன்னால் மெமோ, சம்பளப் பிடித்தம், எல்லோர் முன்னாலும் திட்டு. இருபத்திரண்டு வயதில், ஹாஸ்டலில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு நர்ஸ் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

அதனால் ஆலோசகரின் பேச்சுவார்த்தை முதலில் நிர்வாகத்தோடுதான். பெயர் போடாமல் எழுதலாம், எழுதியதற்காகத் தண்டனை கிடையாது என்று எம்.டி எழுத்தில் தர வேண்டும். தெரிந்தே விதியை மீறுவதும், குடித்துவிட்டு வருவதும், தவறை மறைப்பதும் வேறு. அவற்றுக்கு மன்னிப்பு இல்லை. சறுக்கலுக்குத் தண்டனை இல்லை. சில மாதங்களில் ரிஜிஸ்டரில் பதிவுகள் கூடும். நிர்வாகம் பதறும். ‘நீங்க வந்த பிறகுதான் தப்பு அதிகமாயிடுச்சு’ என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் கேட்டே தீர வேண்டிய வசனம்.

சர்ஜனை நிறுத்தும் தைரியம்

அமெரிக்க மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐ.சி.யு நோயாளிகளின் பெரிய நரம்பில் குழாய் போடும்போது வரும் தொற்றைக் குறைக்க ஐந்தே அம்சங்களை முன்வைத்தார். கை கழுவு, நோயாளியை முழுக்கப் போர்த்தி நீயும் மாஸ்க், கவுன் அணி, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை, தொடை நரம்பைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடு. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. மிச்சிகன் மாநிலத்தின் ஐ.சி.யுக்களில் இதைச் செயல்படுத்தியபோது தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்ததாக 2006-ல் ஆய்வு வெளிவந்தது.

ஐந்து அம்சங்களைவிட முக்கியமான ஆறாவது ஒன்றும் அதில் இருந்தது. டாக்டர் ஒரு படியை விட்டால், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குத் தரப்பட்டது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். முப்பது வருட அனுபவமுள்ள சர்ஜன். ஆஸ்பத்திரியே அவர் பெயரில்தான் ஓடுகிறது. அவரிடம் நேற்று சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ், “சார், கை கழுவலை” என்று சொல்ல வேண்டும்! இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்க ஆலோசகர்கள் படும் பாடு வேறெதிலும் இல்லை. சில இடங்களில் அவர்கள் முதலில் அந்த மூத்த டாக்டரையே பிடிக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவர் வாயாலேயே, ‘நான் மறந்தா சொல்லுங்க’ என்று சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய இந்தப் பட்டியலில் 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்தப் பக்கம், பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று. டாக்டர் அட்டுல் கவாண்டேயின் குழு புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தது. இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதே பட்டியலை மருத்துவமனைகள் அனைத்திலும் கொண்டுவந்தது. 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து 2014-ல் வந்த ஆய்வு, இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. பட்டியல் ஒன்றுதான். நிஜமாகவே நின்று சரிபார்ப்பதற்கும், ஆபரேஷன் முடிந்தபின் கட்டம் கட்டமாக டிக் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதே இதற்குப் பலர் சொன்ன விளக்கம்.

அந்த டிக் இங்கே நன்றாகவே தெரிந்த விஷயம். ஆய்வுக் குழு வரும் தேதி தெரிந்ததும் இரவோடு இரவாக ரிஜிஸ்டர்கள் நிரம்பும். ஒரே பேனா, ஒரே மை, ஆறு மாதக் கையெழுத்து. தீயணைப்புக் கருவியின் தேதி புதிதாகும். சுவரெங்கும் கை கழுவும் போஸ்டர் முளைக்கும், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சோப்பு இருக்காது. சில ஆலோசகர்களே ரெடிமேட் ஃபைல்களைக் கொண்டுவந்து, மருத்துவமனையின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்ற புகாரும் இந்தத் துறைக்குள் உண்டு. சான்றிதழ் கிடைக்கும், வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள். வார்டில் மறுபடி ‘ஆறுக்கு ஊசி போட்டாச்சா?’

நேர்மையாக வேலை செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு சுவர் இருக்கிறது. பயிற்சி கொடுத்த நர்ஸ்கள் ஆறு மாதத்தில் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள். புதியவர்களுக்கு மீண்டும் ‘உங்க பேர் என்ன’விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபது நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றிருக்கும் வார்டில் எந்தப் படிவமும் பாதுகாப்பைத் தராது. ‘ஆள் போடுங்கள்’ என்று அறிக்கையில் எழுதும் ஆலோசகருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்பதே சந்தேகம். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால்

2001-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 18 மாதக் குழந்தை ஜோசி கிங் வெந்நீர்க் காயத்துடன் சேர்க்கப்பட்டாள். தேறிவந்தாள். வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்கியபோது, குழந்தை தாகத்தில் தவிப்பதை அம்மா கவனித்துச் சொன்னார். குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். நீர்ச்சத்துக் குறைவும், கொடுத்திருக்கக் கூடாத ஒரு வலிநிவாரணியும் சேர்ந்து குழந்தையின் உயிரைப் பறித்தன. பெற்றோர் இழப்பீட்டில் ஒரு பகுதியை அதே மருத்துவமனையின் பாதுகாப்புப் பணிக்கே கொடுத்தார்கள். அம்மா சோரல் கிங் இன்றும் நோயாளி பாதுகாப்புக்காக அறியப்படும் குரல். இங்கிலாந்தில் 2024 முதல் ‘மார்த்தா விதி’ என்று ஒன்று நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 2021-ல் 13 வயதில் இறந்த சிறுமியின் பெயர் அது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தினர் நினைத்தால், வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்ல அவர்களுக்கு வழி செய்கிறது.

நம் ஊரில் அட்டெண்டர் என்றால் டீ வாங்கப் போகிறவர், பில் கட்டுகிறவர். ஆனால் இரவு முழுக்க நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். ஆலோசகர்கள் சத்தமில்லாமல் எதிர்பார்க்கும் கூட்டாளி. சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போவது, அலர்ஜி இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்வது, ஊசிக்கு முன் ‘இது என்ன மருந்து சிஸ்டர்?’ என்று மரியாதையாகக் கேட்பது, கைப்பட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபேன் காற்றுக்காக பெட் மாறினால் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது.

வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இதே துறையிலிருந்து ஒரு விஷயம். இந்தியக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கின்றன. சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் போய், சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மாற்றி எடுத்தால் மருந்து பாதிகூடப் போகாது. மெடிக்கல் ஷாப்பில் சிரிஞ்ச் வாங்கும்போது மருந்துக் குப்பியையும் கையில் எடுத்துப் போங்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.